கிடைக்காவிட்டால்

அழுதுகொண்டிருந்தவளின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள் சோனுன் அத்தை. சைக்கால் அப்போது ஒப்பாரியின் பாதி வரியில் இருந்தாள். 'மலையில் பிறந்து பட்டணத்தில் பஸ் ஓட்டிய என் அப்பா' என்பதற்கு அப்புறம் என்ன பாடுவது என்று தெரியாமல் இழுத்துக்கொண்டிருந்த நேரம். அதனால் அத்தை பிடித்து இழுத்ததில் ஒரு பக்கம் நிம்மதிதான்.

"எழுந்து வா. உங்கப்பன் படம் வேணும். பெரிசு பண்ணித் தர்றவன் வாசல்ல நிக்கிறான்."

"எர்மெக்கைக் கேளுங்க அத்தை."

"உன் தம்பி குழி வெட்டறவங்களோட போயிருக்கான். நீதானே கம்ப்யூட்டர்காரி? பஸ் பக்கத்துல தொப்பியோட நிப்பானே, அந்தப் படம். அதுல மட்டும்தான் அவன் சிரிச்ச மாதிரி இருப்பான்."

கூடாரத்துக்குள் பெண்கள் கம்பளிச் சுவரைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்து அழுதார்கள். நடுவில் கறுப்பு உடுத்திய அம்மா புரூல். வலது பக்கத் திரைக்குப் பின்னால் அப்பா தொக்தொசூன் கிடந்தார். முந்தாநாள் சாயங்காலம் போன உயிர். நரின் மலைப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் வந்து சேரட்டும் என்று வைத்திருந்தார்கள். இன்று மதியத் தொழுகை முடிந்ததும் தூக்கவேண்டும்.

வெளியே வந்ததும் வெயிலில் கண் கூசியது. பிஷ்கெக் நகரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் செத்தாலும் முற்றத்தில் கூடாரம் எழும்பாமல் யாரும் போவதில்லை. சறுக்குமரத்துக்கும் குப்பைத்தொட்டிக்கும் நடுவில் இடம் பிடித்து, மூன்று கார்களை நகர்த்தச் சொல்லி, நான்காவது கார்க்காரனோடு சண்டை போட்டு நிறுத்திய கூடாரம் அது. வாசலின் இடது பக்கம் ஆண்கள் வெள்ளைத் தொப்பியும் இடுப்பில் துண்டுமாக நின்றிருந்தார்கள். வருகிறவர்கள் தூரத்திலிருந்தே "என் அண்ணனே! என் மலையே!" என்று குரல் கொடுத்தபடி வர, நின்றவர்களும் பதிலுக்குக் கதறினார்கள். அந்த வரிசையில் முதல் ஆளாக நிற்கவேண்டியவர் அதில் இல்லை.

அவர் கொட்டகைப் பக்கம், குதிரைக் கறி வேகும் பெரிய அண்டாக்களுக்கு அருகே விறகு பிளந்துகொண்டிருந்தார். ஒமுர்சாக். அப்பாவின் ஒரே தம்பி.

"பாரு, கூலிக்கு வந்தவன் மாதிரி" என்றாள் அத்தை. "ஒரு வீட்டுக்குப் போதும்ங்கற அளவுக்கு விறகு பொளந்தாச்சு. இன்னும் கோடாலியைக் கீழ வைக்கலை."

"நீங்க கூப்பிட்டீங்களா?"

"அக்கான்னு நான் ஒருத்தி கூப்பிட்டு என்ன? போறவன் கூப்பிடலையே. 'அண்ணன் என்கிட்ட ராஜி இல்லாம போயிட்டான், அவனை நான் எந்தக் கையால தொடறது?'ங்கறான். கூடப்பிறந்தவன் இல்லாம குழிக்குள்ள இறங்கி முகத்தைத் தொழுகைத் திசைக்குத் திருப்பி வைக்கறது யாருன்னு முல்லா கேட்கறார். நான் என்ன பதில் சொல்லுவேன்? நீ போய்ப் படத்தை எடு."

சைக்கால் படியேறினாள். சித்தப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அப்பாமேல் வந்த கோபம் மறுபடியும் வரும். செத்துக் கிடக்கிறவர்மேல் கோபப்படுவது எவ்வளவு கேவலம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அது போகவில்லை.

பாட்டி இறந்த குளிர்காலத்தில் தொடங்கியது எல்லாம். அப்போது தொக்தொசூன் சைபீரியாவில் எண்ணெய்க் கிணற்றுக்காரர்களின் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். பனியில் விமானம் நின்றுபோனது. "நான் வர்ற வரைக்கும் வைங்க" என்று போனில் சொன்னார். வைப்பதுதான் வழக்கமும். ஆனால் ஊருக்குப் புதிதாக வந்திருந்த இளம் முல்லா, இறந்தவரைக் காக்கவைப்பது பாவம் என்று பிடிவாதம் பிடித்தார். ஒமுர்சாக் தலையாட்டிவிட்டார். தொக்தொசூன் வந்து இறங்கியபோது மண்மேட்டின் மேல் பனி உட்கார்ந்திருந்தது. அவர் சத்தம் போடவில்லை. "அம்மா முகத்தை நீ பார்த்துட்டே. சரி" என்று தம்பியிடம் சொன்னார். அவர் எதையும் ஒரு தடவைதான் சொல்லுகிற மனிதர். அதற்கப்புறம் தம்பியிடம் பேச்சே இல்லை. கல்யாணங்களில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே தட்டில் கறி எடுத்துத் தின்றபோதுகூட இல்லை.

பிறகு அந்த நரம்பு நோய் வந்தது. முதலில் கால், பிறகு கை, பிறகு நாக்கு. பேச்சு குழறத் தொடங்கியபோதே சைக்கால் முந்திக்கொண்டாள். மருந்துக் கடைகளுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனியில் வேலை அவளுக்கு. அப்பாவைச் சமையலறையில் உட்காரவைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லச் சொல்லி அவர் குரலிலேயே பதிவு செய்தாள். தண்ணி. வலிக்குது. ஜன்னலைத் திற. ஆமாம். இல்லை. 'டிவியை நிறுத்து' என்பதைத்தான் அவர் மனப்பூர்வமாகச் சொன்னார்.

அதை வைத்து அவளே ஒரு நிரல் எழுதினாள். திரையில் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிரும். வேண்டிய கட்டம் ஒளிரும்போது, வலது கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் பொத்தானை அப்பா அழுத்தினால் போதும். அவர் குரல் பேசும். கேள்வி கேட்டால் இரண்டே கட்டம், பச்சையில் 'ஆமாம்', சிவப்பில் 'இல்லை'. கடைசி ஒரு வருடம் அவரிடம் மிச்சமிருந்தது அந்தக் கட்டைவிரல் மட்டும்தான்.

முந்தாநாள் மதியம் ஒமுர்சாக் வந்தார். சாகப்போகிறவரிடம் ராஜி, அதாவது மனக்குறை இல்லை என்ற மன்னிப்பு, வாங்கிக்கொள்வது பெரியவர், சின்னவர் எல்லோருக்கும் உள்ள வழக்கம். தெருவில் போகிறவன்கூட வந்து கேட்டால் 'ராஜி' என்று சொல்லி அனுப்புவார்கள். அறை நிறைய சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அவர் கட்டிலுக்கு அருகே மண்டியிட்டது சமையலறையிலிருந்த சைக்காலுக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது.

"அண்ணே, உனக்காகக் காத்திருந்திருக்கணும். தப்பு பண்ணிட்டேன். என்கிட்ட ராஜியா?"

பிறகு அப்பாவின் குரல், நோய்க்கு முந்தைய அழுத்தமான குரல், சொன்னது: "இல்லை."

யாரோ மூச்சை இழுத்தார்கள். மறுபடியும், "இல்லை." மூன்றாவது முறையும், "இல்லை."

சைக்கால் ஓடி வந்தபோது சித்தப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். அப்பாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. "சாகறப்போகூட என்ன ஆங்காரம் பாரு" என்று வாசல் பக்கம் ஒருத்தர் முணுமுணுத்தார். சைக்காலுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அப்பாவின் விரல் மறுபடியும் பொத்தானைத் தேடுவதைப் பார்த்தாள். "போதும்ப்பா. நீங்க பேசினது போதும்" என்று சொல்லி, அந்தப் பொத்தானை விரலுக்கு அடியிலிருந்து உருவி எடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு சாயங்காலம் வரை தலையணையைச் சரி செய்தாள், உதட்டை ஈரத் துணியால் துடைத்தாள், எல்லாம் செய்தாள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார் என்று அம்மாதான் பிறகு சொன்னாள்.

அறையில் இப்போது கட்டில் இல்லை. கண்ணாடிக்குத் துணி போட்டு மூடியிருந்தார்கள். மடிக்கணினி ஜன்னல் விளிம்பில் மூடிக்கிடந்தது. சைக்கால் திறந்ததும் உறக்கம் கலைந்து திரை வெளிச்சமானது. நிரலை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. பச்சையும் சிவப்பும் மாறி மாறி ஒளிர்ந்தன.

படங்கள் இருக்கும் இடத்துக்குப் போகக் கையை வைத்தவள் அப்படியே நின்றாள்.

பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு. கண் சிமிட்டுகிற வேகம்.

அப்பாவுக்கு அவள் வைத்திருந்த வேகம் இது இல்லை. அவருக்கு ஒவ்வொரு கட்டமும் மூன்று நொடி நிற்கவேண்டும். அழுத்தவேண்டும் என்று நினைத்து, அந்த நினைப்பு கை வழியாக இறங்கி, விரல் அசைவதற்குள் அரை நொடிக்கு மேல் போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்து பல நாள் பார்த்துப் பார்த்து அவளே வைத்த கணக்கு அது. இந்த வேகம் அவளுடையது. எழுதிய காலத்தில், சோதித்துப் பார்க்கும்போது காத்திருக்கப் பொறுமையில்லாமல் தனக்காக வைத்துக்கொண்டது.

திரையின் மூலையில் பயனர் பெயரைப் பார்த்தாள். எர்மெக் என்று இருந்தது.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றும் அளவுக்குப் புரிந்தது. ஆனாலும் கை தானாக ரெஜிஸ்ட்ரியைத் திறந்தது. கணினி தன்னிடம் சொல்லப்பட்டதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ளும் இடம் அது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு கூடம், ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக ஓர் அறை. அப்பாவின் வேகத்தை அவள் அப்பாவின் அறையில்தான் வைத்திருந்தாள். இந்தக் கணினியை அப்பாவைத் தவிர வேறு யார் தொடப்போகிறார்கள் என்ற நினைப்பு. நிரல் ஒவ்வொரு முறை எழும்போதும் யார் உள்ளே நுழைந்திருக்கிறாரோ அவர் அறையைத் திறந்து, 'வேகம்' என்ற பெயரில் இருக்கும் மதிப்பைக் கேட்கும். அப்படிக் கேட்க அவள் எழுதிய வரி ஒன்றே ஒன்று. அதில் மூன்று விஷயம் சொல்லவேண்டும். எந்த இடத்தில் தேடுவது, என்ன பெயரைத் தேடுவது, கிடைக்காவிட்டால் எதை எடுத்துக்கொள்வது.

கிடைக்காவிட்டால் என்ற இடத்தில் அவள் தன் சோதனை வேகத்தை எழுதிவைத்திருந்தாள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மாற்றவில்லை. கிடைக்கவில்லை என்று ஒரு வார்த்தை திரையில் காட்டு என்றுகூட எழுதவில்லை. மருந்துக் கடை மென்பொருளில் வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் கூப்பிட்டு வைத்துத் திட்டியிருப்பாள்.

எர்மெக்கின் அறையில் தேடினாள். வெறுமை. அப்பாவின் அறையில் அந்த எண் அசையாமல் இருந்தது. மூவாயிரம் மில்லி நொடி.

தம்பிக்குப் போன் செய்தாள். மண்வெட்டிச் சத்தத்துக்கு நடுவே எடுத்தான்.

"முந்தாநாள் மதியம் லேப்டாப்பை நீயா திறந்தே?"

"கரண்ட் போச்சேக்கா, சார்ஜ் தீர்ந்து அணைஞ்சுபோச்சு. நீ மருந்து வாங்கப் போயிருந்தே. அப்பா பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது. மாஸ்கோவிலேர்ந்து என் பிள்ளைங்க தாத்தாவைப் பார்க்கணும்னாங்க, அதான் என் பேர்ல நுழைஞ்சேன். அப்புறம் அந்தப் பேசற புரோகிராமையும் திறந்து வெச்சுட்டேன். ஏன், ஏதாவது அழிஞ்சுபோச்சா?"

"இல்லைடா. ஒண்ணும் அழியலை. நீ ஒண்ணும் பண்ணலை."

போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பச்சை ஒளிரும்போது அப்பா அழுத்த நினைக்கிறார். விரல் அசைவதற்குள் சிவப்பு வந்துவிடுகிறது. மறுபடி முயற்சி. அவர் விரல் பெரும்பாலும் ஒரே அளவுதான் தாமதிக்கும், அதனால் மறுபடியும் சிவப்பு. அறை முழுக்க மனிதர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தன் குரலே தன் பேச்சைக் கேட்காமல் கத்துகிறது. கடைசியில் மகள் வருகிறாள். எல்லாவற்றையும் செய்தவள், எல்லாம் தெரிந்தவள் வந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார். அவள் பொத்தானைப் பிடுங்கிக்கொண்டு போகிறாள்.

சைக்கால் இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டு அழுதாள். கீழே கூடாரத்தில் ராகம் போட்டு அழுதது வேறு. இதற்கு வார்த்தை எதுவும் வரவில்லை.

மசூதியிலிருந்து தொழுகை அழைப்பு இன்னும் வரவில்லை. அதற்கு முன்னால் சொல்லியாகவேண்டும். பெண்கள் கல்லறைக்குப் போவதில்லை. தூக்கிக்கொண்டு போய்விட்டால் போனதுதான். மடிக்கணினியையும் பொத்தானையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கி, கதறிக்கொண்டு நின்ற ஆண்களுக்கு நடுவே நேராகக் கொட்டகைக்கு நடந்தாள். துக்க வீட்டுப் பெண் கூடாரத்தை விட்டுக் கணினியோடு முற்றத்தில் நடப்பதை எல்லோரும் பார்த்தார்கள்.

"சித்தப்பா, கோடாலியைக் கீழ வைங்க. ஒரு விஷயம் சொல்லணும்."

ஒமுர்சாக் நிமிர்ந்தார். லாரி ஓட்டி ஓட்டி ஒரு பக்கம் மட்டும் கறுத்த முகம். "நீ ஏம்மா இங்க? போ, அம்மாகிட்ட இரு."

"அப்பா சொன்னது 'இல்லை' இல்லை."

அவள் மளமளவென்று கொட்டினாள். ரெஜிஸ்ட்ரி, பயனர், மதிப்பு என்று ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொன்னாள். "அப்பாவுக்கு மெதுவா ஓடணும்னு ஒரு இடத்துல எழுதி வெச்சிருந்தேன். அன்னிக்கு அது வேற இடத்துல போய்த் தேடிச்சு. கிடைக்கலை. கிடைக்கலைன்னு சொல்லவும் இல்லை. தன் இஷ்டத்துக்கு வேகமா ஓடிடுச்சு. அவர் விரல் அவ்வளவு வேகமா அசையாது. நான் எழுதினதுதான் சித்தப்பா. என் தப்பு."

ஒமுர்சாக் நெற்றி வேர்வையைக் கையால் வழித்தார். அவர் குரல் ரொம்ப மெதுவாக வந்தது.

"நல்ல பொண்ணும்மா நீ. என்னைத் தேத்தணும்னு யோசிச்சு யோசிச்சு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கே. நான் பண்ணினதுக்கு அவன் சொன்ன பதில் அது. நான் வாங்கிக்கிட்டேன். விடு."

"கதை சொல்லலை! நீங்களே அழுத்திப் பாருங்க." விறகுக் கட்டையின் மேல் கணினியை வைத்துத் திறந்தாள். பொத்தானை அவர் உள்ளங்கையில் திணித்தாள். "பச்சை வந்ததும் உடனே அழுத்தாதீங்க. மனசுக்குள்ள 'அண்ணன்'னு ஒரு தடவை சொல்லிட்டு அழுத்துங்க. அவருக்கு அவ்வளவு நேரம் ஆகும்."

குரல் பேசும் என்பதை அவள் மறந்தே போயிருந்தாள்.

"இல்லை" என்றார் தொக்தொசூன், முற்றம் முழுவதும் கேட்கும்படி.

கூடாரத்து ஒப்பாரி நடுவில் அறுந்தது. வரிசையில் நின்ற ஆண்கள் திரும்பினார்கள். அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தவன் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். சட்டென்று கூடாரத்துக்குள்ளிருந்து அம்மாவின் குரல், பாட்டு இல்லாமல், வீட்டில் கேட்கிற மாதிரி, "என்னங்க?" என்றது.

கொஞ்சம் கழித்து ஒரு பெண் மெல்ல ஒப்பாரியைத் தொடங்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

சோனுன் அத்தை பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "அடியே, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? படம் எடுத்துட்டு வான்னா செத்தவனைப் பேச வெக்கறியா? உங்கம்மா அங்க உறைஞ்சுபோய் உட்கார்ந்திருக்கா! மூடு அதை!"

சைக்கால் ஒலியை நிறுத்தினாள். ஆனால் ஒமுர்சாக் பொத்தானை விடவில்லை. திரையைப் பார்த்தபடி இன்னொரு முறை அழுத்தினார். சத்தமில்லாமல் சிவப்புக் கட்டம் பெரிதானது. இன்னொரு முறை. சிவப்பு.

"என்னடா பண்றே?" என்றாள் அத்தை.

"பச்சைக்குத்தான் அழுத்தறேன் அக்கா. சிவப்பு வருது."

அடுக்கிய விறகின் மேல் அத்தை மெல்ல உட்கார்ந்தாள். சைக்கால் அவளுக்கும் சொன்னாள், இந்த முறை ரெஜிஸ்ட்ரி என்ற பேச்சே எடுக்காமல்.

ஒமுர்சாக் கேட்டார். "அப்போ அவன் ஆமாம்னுதான் சொல்ல வந்தானா?"

அந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். படியிறங்கும்போதே ஆமாம் என்று சொல்லிவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தாள். ஒரே வார்த்தை. சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அப்பாவைப் போலவே பெரிய கண்களுடன் அவர் அவள் முகத்தையே பார்த்தார். அவளால் முடியவில்லை.

"தெரியாது சித்தப்பா. இந்த வேகத்துல அவர் எதை நினைச்சு அழுத்தினாலும் அது அவர் சொன்னதா ஆகாது. அவ்வளவுதான் இதுலேர்ந்து தெரியும். மனசுல என்ன இருந்ததுன்னு இது சொல்லாது."

"ம்."

"வேகத்தைச் சரி பண்ணித் தரட்டுமா?" ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் பதிலுக்குக் காத்திருக்காமல், எர்மெக்கின் அறையில் 'வேகம்' என்று ஒரு பெயரை உண்டாக்கி, அப்பாவின் எண்ணை அதில் எழுதினாள். நிரலை மூடித் திறந்தாள். பச்சைக் கட்டம் ஒளிர்ந்து, அவசரமில்லாமல் நின்றது. பிறகு சிவப்பு. மறுபடியும் பச்சை. "இப்ப அழுத்தினா ஆமாம்னு வரும். சத்தத்தையும் கொஞ்சமா வைக்கறேன். நமக்கு மட்டும் கேட்கற மாதிரி."

ஒமுர்சாக்கின் கட்டைவிரல் பொத்தானின் மேல் இருந்தது. பச்சை வந்தது, போனது. மறுபடி வந்தது. மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். அண்ணன் குரல் ஒரு அழுத்தலில் இருந்தது. எத்தனை வருடமாக அந்த ஒரு சொல்லுக்காகக் கல்யாண வீடுகளில் எதிரே உட்கார்ந்திருந்த மனிதர் அவர்.

விரலை எடுத்துவிட்டார். பொத்தானை அவள் கையில் வைத்து, அவள் விரல்களை மூடினார்.

"வேண்டாம்மா. அவன் வாயில நான் பேசக்கூடாது."

மசூதியிலிருந்து அழைப்பு கேட்டது. ஆண்கள் தொப்பியைச் சரி செய்துகொண்டு கூடாரத்தின் பக்கம் நகர்ந்தார்கள். ஒமுர்சாக் குனிந்து கோடாலியை எடுத்தார். எடுத்தவர் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"மூணு தடவை அழுத்தினான் இல்ல?" என்றார்.

"ஆமா சித்தப்பா."

"அக்கா, அவன் எதையாவது ரெண்டாம் தடவை சொல்லி நீ கேட்டிருக்கியா?"

சோனுன் அத்தை தலையை ஆட்டினாள். இல்லை என்று ஆட்டினாளா, அழுகையில் ஆடியதா என்று சைக்காலுக்குத் தெரியவில்லை.

முல்லா உரக்கக் கூப்பிட, சைக்கால் கணினியைக் கொட்டகையிலேயே வைத்துவிட்டு அம்மாவிடம் ஓடினாள். பிறகு நடந்ததெல்லாம் ஒரே நெரிசல். தொழுகை முடிந்து, "இந்த மனிதர் எப்படிப்பட்டவர்?" என்று முல்லா கேட்க, முற்றம் முழுவதும் "நல்லவர்! நல்லவர்!" என்றது. கம்பளத்தில் சுற்றிய உடலைத் தோள்கள் மாற்றி மாற்றி லாரிக்குக் கொண்டுபோயின. பெண்கள் பின்னாலேயே வந்து, குடியிருப்பின் முனையில் நின்றுவிட்டார்கள். அதற்கு மேல் அவர்கள் போகக்கூடாது. அம்மா விழாமல் இருக்க சைக்கால் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். தலைகளுக்கும் தொப்பிகளுக்கும் நடுவே சித்தப்பாவைத் தேடினாள். காணவில்லை. வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. கொட்டகைப் பக்கம் திரும்பினாள். விறகுக் குவியலில் கோடாலி மட்டும் கிடந்தது. கோபித்துக்கொண்டு ஊருக்கே கிளம்பிவிட்டாரோ என்று பயந்தாள்.

"படம் எங்கடி?" என்றாள் அத்தை, மூக்கைச் சிந்திக்கொண்டே. "கடைக்காரன் இன்னும் நிக்கிறான்."

அப்போதுதான் சைக்கால் படத்தைக் கொடுத்தாள். பிறகு எண்ணெயில் பொரித்த ரொட்டித் துண்டுகளைத் தட்டுகளில் அள்ளி வைத்தாள், தேநீர்க் கிண்ணங்களைக் கழுவினாள், மேசைகளுக்குத் துணி விரித்தாள். அம்மா ஒரு முறை அவளைக் கூப்பிட்டு, "அவர்தானே பேசினது?" என்று மட்டும் கேட்டாள். "ஆமாம்மா" என்றாள். மீதியை எப்படியும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பொத்தானை உருவியதையும் சொல்லவேண்டும். இன்றைக்கு முடியாது.

வெயில் சாய்கிற நேரம் வண்டிகள் திரும்பி வந்தன. கல்லறையிலிருந்து வருகிறவர்கள் கை கழுவாமல் சாப்பாட்டுக்கு உட்காரமாட்டார்கள். சைக்கால் வெந்நீர்க் கூஜாவை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். நரின் மலைக்காரர்கள் வந்தார்கள். அக்கம்பக்கத்தார் வந்தார்கள். எர்மெக் கண் வீங்கி வந்தான். அவன் கையிலும் தண்ணீர் ஊற்றினாள்.

எல்லோருக்கும் பிறகு, தொப்பி இல்லாமல், ஒமுர்சாக் வந்தார். இரண்டு கைகளையும் நீட்டினார். சைக்கால் ஊற்றினாள். விரல் இடுக்குகளிலிருந்து மஞ்சள் களிமண் கரைந்து மண் நிறத்தில் தண்ணீர் ஓடியது. அவர் கால்சட்டை இரண்டு முழங்காலிலும் அதே களிமண் கனமாக அப்பியிருந்தது. மார்பிலும் இருந்தது, ஒரு பக்கக் கன்னத்திலும் இருந்தது. கைகள் சுத்தமாகிவிட்டன. அவர் நீட்டியபடியே நின்றார். அவள் கூஜா காலியாகும் வரை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.